கிரேஸின் பீகா

2001 மார்ச் 12, திங்கள்.

இன்று ஒரு தவறு செய்தேன். எல்லோருக்கும் கொடுக்கும் சாவியோடு, யாருக்கும் கொடுக்கக் கூடாத சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அக்காவுக்கு அனுப்பிய கோப்பைத் தயார் செய்யும்போது, தனிச்சாவியையும் சேர்க்கவா என்று ஒரு கட்டம் கேட்டது. எதையும் விட்டுவிடக் கூடாதே என்று டிக் போட்டேன். அதுதான் தவறு. அந்தச் சாவி இனி உதவாது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். சுனிதாவிடம் சொல்லவில்லை. சிரிப்பாள்.

நோரா டைரி எழுதத் தொடங்கியது கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த அன்றுதான். பாடத்தை எழுதிவைக்கலாம் என்று தொடங்கினாள். போகப்போக அன்றன்றைய தவறுகளையும் எழுதினாள். கடைசியில் பாடம் குறைந்து தவறுகள் மட்டும் மிஞ்சின. தன் கைமேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கேஸை மூடிவிட்டு வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பகலில் அடுகோடியில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடும் வேலை. பில் அடித்த பிறகு மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படிப்பாள். "ஏம்மா, அது மாத்திரையா பைபிள் வசனமா?" என்று முதலாளி ஆதிகேசவன் கேட்பார்.

மாலையில் அதே சாலையில் ஒரு பேக்கரியின் மாடியில் வகுப்பு. கீழே பன் வேகும் வாசனை படியேறி வந்து கம்ப்யூட்டர்களுக்கு மேல் மெல்லிய திரைபோல நிற்கும். அதற்குள் உட்கார்ந்திருந்தால் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்பதே தெரியாது. வெளியே ஹோசூர் ரோட்டில் போகிற பஸ்களின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் நோராவுக்குத் தன் கைகள் தப்பு செய்யாது என்று தோன்றும்.

அக்கா கிரேஸ் டப்ளினில் நர்ஸ். போய் ஒரு வருடம் ஆகிறது. கோலார் தங்கவயலில் இருந்தபோதும் சரி, அப்பா குடும்பத்தை நீலசந்திராவுக்குக் கொண்டுவந்து காவலாளி வேலைக்குச் சேர்ந்த பிறகும் சரி, இரண்டு பெண்களுக்கும் ஒரே போர்வைதான். அந்தப் போர்வைக்குள் பேசாத பேச்சு கிடையாது. சிரிப்பு அதிகமானால் கிரேஸ் தங்கையின் வாயைப் பொத்துவாள். இப்போது போர்வை நோராவிடம் இருந்தது. பேச்சு டென்சில் அங்கிள் வழியாக வந்தது.

அவர்கள் தெருவுக்கு மெயில் என்றால் டென்சில்தான். முனையில் அவருடைய பிரவுசிங் சென்டர். யார் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போனாலும் அவர்தான் மெயில் கணக்கு திறந்து கொடுப்பார். பாஸ்வேர்டும் அவரே வைப்பார். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, செத்துப்போன அவருடைய நாயின் பெயர். சாயங்காலம் ஆனதும் வந்த மெயில்களை அச்செடுத்துக்கொண்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்வார். இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் வாசிப்பார், தேவைப்பட்டால் கன்னடத்திலும். காய் வாங்கப் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். லட்சுமம்மாவின் மகன் உமேஷுக்கு துபாயில் காய்ச்சல் என்றால் இங்கே நாலு வீட்டில் அவனுக்காக வேண்டிக்கொள்வார்கள். அழ வேண்டிய இடத்தில் டென்சில் உண்மையாகவே அழுவார். இதில் தப்பு இருப்பதாக ஒருவரும் நினைத்ததில்லை. நோராவும் நினைத்ததில்லை, போன கிறிஸ்துமஸ் வரைக்கும்.

கிறிஸ்துமஸுக்கு கிரேஸ் ஒரு நீண்ட மெயில் எழுதியிருந்தாள். தான் பார்த்துக்கொண்ட ஒரு குழந்தை இறந்துபோனதையும், ஹாஸ்டல் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததையும், அழுது முடித்துப் பசி தாங்காமல் நான்கு கேக் சாப்பிட்டதையும் எழுதியிருந்தாள். அது நோராவுக்கு எழுதியது. டென்சில் அதைத் தெருவுக்கே வாசித்தார். மறுநாள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அடுத்த மெயிலில் ஐந்தாறு பேர் சேர்ந்து கிரேஸுக்கு அறிவுரை சொன்னார்கள். பாத்ரூமில் அழாதே, சளி பிடிக்கும். கேக் குறைத்துக்கொள், கல்யாணப் பெண்.

அதற்குப் பிறகு கிரேஸின் மெயில்கள் வானிலை அறிக்கை ஆகிவிட்டன. "இங்கு மழை. நான் நலம். குளிர் அதிகம். அனைவருக்கும் அன்பு." டென்சில் அதையும் உணர்ச்சியோடு வாசிப்பார். நோரா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரின் கை தன் வாயைப் பொத்துவதுபோல இருக்கும், ஆனால் சிரிக்கக் காரணம் இல்லாமல்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லட்சுமம்மா வீட்டு போனுக்கு கிரேஸ் கூப்பிட்டாள். அம்மாவிடம் பேசி முடித்துத் தங்கையிடம் ரிசீவர் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நோரா, ஒண்ணு சொல்லணும். இதுல முடியாது. மெயில்லயும் முடியாது. ஈஸ்டருக்குள்ள சொல்லியாவணும்." அதற்குள் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த லட்சுமம்மா, "என்னவாம்?" என்றாள். "குளிராம்" என்றாள் நோரா.

ஈஸ்டருக்கு மறுநாள் ஆனேக்கல்லிலிருந்து சாமுவேல் வீட்டார் கல்யாணத் தேதி குறிக்க வருவதாக இருந்தது. கிரேஸுக்கும் அவனுக்கும் நிச்சயம் முடிந்தே ஒரு வருடம் ஆகியிருந்தது. சாமுவேல் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன், அமைதியான ஆள். அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்பது நோராவுக்குத் தெரியாது. ஆனால் தேதி குறித்த பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை என்பது மட்டும் தெரிந்தது.

தனக்கென்று வேறு ஒரு மெயில் கணக்கு திறந்து பார்த்தாள். டென்சில் உள்ளே இருக்கும் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து எட்டிப் பார்த்து, "புது அக்கவுண்டா மேன்? பழசுக்கு என்ன கொறச்சல்?" என்றார். வகுப்பில் இன்டர்நெட் கிடையாது. கடிதத்தை எங்கே எழுதினாலும் டென்சிலின் கண்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வழி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் கிடைத்தது. அதில் பி.ஜி.பி. என்று ஒரு புரோகிராம். எழுதியதை யாருக்கும் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றும். உரியவர் மட்டும் அதைத் திரும்பக் கடிதமாக்கலாம். புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, காசும் வேண்டாம், எடுத்துப் பயன்படுத்தினால் போதும். நோரா உதவிக் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படித்தாள். படித்தும் குழம்பினாள். ஏனென்றால் அதில் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்றை எல்லோருக்கும் கொடு, இன்னொன்றை யாருக்கும் கொடுக்காதே என்றது. சாவியைப் போய் எல்லோருக்கும் யாராவது கொடுப்பார்களா? அந்தக் குழப்பத்தில்தான் திங்கட்கிழமை இரண்டையும் சேர்த்து அனுப்பினாள்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு கனவு வந்தது. அடுகோடி சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தில் காய்களுக்குப் பதிலாகப் பூட்டுகள் தொங்கின. எல்லாம் வாய் திறந்த பூட்டுகள். காற்றடித்தால் மெல்ல மோதிக்கொண்டன. போகிறவர் வருகிறவர் ஆளுக்கொன்று பறித்துக்கொண்டு போனார்கள். மரம் ஒன்றும் சொல்லவில்லை. பறித்த இடத்தில் உடனே இன்னொன்று காய்த்தது. பறித்தவர்கள் தங்கள் பெட்டியில் அதை மாட்டி அழுத்தினார்கள், க்ளிக் என்று மூடிக்கொண்டது. மூடியவர்களாலேயே பிறகு திறக்க முடியவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக மரத்தடிக்கு வந்து சேர்ந்தன. சாவி மரத்தின் உள்ளே எங்கோ இருந்தது.

விழித்ததும் நோராவுக்கு எல்லாம் விளங்கியது. எல்லோருக்கும் கொடுப்பது சாவியே இல்லை, திறந்த பூட்டு.

அன்று மாலை வகுப்பில் அதைச் சுனிதாவிடம் சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரி சுனிதாவுக்கு வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ்.

"அதாவது நம்ம பீகாவ தெரு பூரா குடுக்கணும். சாவிய நாமளே வெச்சுக்கணும். அவ்ளோதானே?" என்றாள் சுனிதா. கன்னடத்தில் பூட்டுக்கு பீகா என்று பெயர். "சரி, அப்படி என்னடி இருக்கு நம்மகிட்ட பூட்டறதுக்கு? பேங்க் ராபரி பண்ணப்போறியா?"

"நீ குளிக்கிறது உங்க காம்பவுண்டுல எல்லாருக்கும் தெரியுந்தானே?"

"தெரியும். அதுக்கென்ன?"

"அப்பறம் எதுக்குக் கதவச் சாத்தறே?"

"ஏய், போடி" என்றாள் சுனிதா. ஆனால் அன்றே தனக்கும் ஒரு பீகா செய்துகொண்டாள். இருவரும் பழகிப் பார்த்தார்கள். சுனிதா தன் அம்மாவின் பிசிபேளேபாத் செய்முறையைப் பூட்டி ஃப்ளாப்பியில் போட்டு நோராவிடம் கொடுத்தாள். நோரா திறந்து படித்தாள். பெருங்காயம் விட்டுப்போயிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு பதிலைப் பூட்டி அனுப்பினாள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இப்படி ஒரு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. பூட்டு, சாவி என்ற சொற்கள் மறந்து பீகா என்பதே வாயில் நின்றது.

புதிய பூட்டை நோரா கிரேஸுக்கு அனுப்பினாள். கூடவே, வேண்டியதைப் படிப்படியாக எழுதினாள். கிரேஸ் அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய பூட்டும் வந்தது; இரண்டையும் வகுப்புப் பாடம் என்று நினைத்து டென்சில் விட்டுவிட்டார். ஆனால் வந்தது அக்காவின் பூட்டுதானா, வழியில் யாராவது மாற்றி வைத்ததா? அதைக் கண்டுபிடிக்க அந்தப் புரோகிராம் ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கைரேகை உண்டு, எண்களும் எழுத்துகளுமாக. அதை போனில் படித்து ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அதை விட்டுவிடுவார்கள். நோரா விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லட்சுமம்மா வீட்டில் போன் வந்தது. லட்சுமம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உன் பீகா வந்து சேந்துருச்சு" என்றாள் நோரா. "ஆனா நல்லா விசாரிச்சுதான் ஏத்துக்கணும். நம்பர் சொல்லு."

கிரேஸ் சொல்லச் சொல்ல நோரா திருப்பிச் சொன்னாள். "நாலு, ஏ, ஒம்போது, எஃப்... ம்ம்... ரெண்டு, சி, சி, ஏழு... சரி, சரி. எல்லாம் ஒத்துவருது. அக்கா, இதே பீகாதான். இனிமே பயமில்ல. மனசுல உள்ளத எழுது."

ரிசீவரை வைத்தபோது லட்சுமம்மாவின் கையில் கீரை அப்படியே இருந்தது. அவள் முகத்தில் ஏதோ பெரிய செய்தியை விழுங்கியவரின் மினுமினுப்பு. நோரா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணுக்கு முன் அந்த எண்கள் பறவைகள் போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

கன்னடத்தில் பூட்டு மட்டும் பீகா இல்லை. சம்பந்தியும் பீகாதான். சம்பந்தி வீட்டார் பீகரு. இரண்டு வாரமாக வகுப்பில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதே நோராவுக்கு மறந்துபோயிருந்தது. லட்சுமம்மாவுக்கோ அந்த ஒரு பொருள்தான் தோன்றியது. கிரேஸுக்கு அயர்லாந்திலேயே சம்பந்தி கிடைத்துவிட்டார்கள். வீட்டு நம்பர், வயது, சம்பளம் எல்லாம் விசாரித்தாகிவிட்டது. எல்லாம் ஒத்துவருகிறது. தங்கைக்காரியே பேசி முடித்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை வகுப்பு இல்லை. நோரா தெருமுனைக்கு வந்தபோது டென்சிலின் ஸ்டூலைச் சுற்றி வழக்கத்தைவிடக் கூட்டம். டென்சில் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெச், க்யூ, இ, எம்... அப்பறம் ஒரு கூட்டல்... ஜே, டபிள்யூ..."

"இது என்ன பாஷை டென்சில்?" என்றாள் லட்சுமம்மா.

டென்சில் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஐரிஷ்" என்றார்.

"பாத்தீங்களா! பீகருதான் மாத்திட்டான்னு பாத்தா பாஷையையும் மாத்திட்டா!"

அந்த நேரத்தில்தான் நோராவுக்கு விஷயம் புரிந்தது. "ஆன்ட்டி, அது அந்த பீகா இல்ல. பூட்டு. கம்ப்யூட்டர் பூட்டு" என்றாள். "ஓஹோ" என்றாள் லட்சுமம்மா, ஒரு சொல்லை நம்பாதபோது பெண்கள் இழுக்கும் நீளத்துக்கு இழுத்து. கூட்டம் கலைந்தது. கலைந்த வேகத்திலேயே தெரிந்தது, செய்தி வீட்டுக்கு வீடு போகிறது என்று.

டென்சில் மட்டும் உட்கார்ந்திருந்தார். "வைரஸ்னு நெனச்சேன் மேன்" என்றார்.

"வைரஸ் இல்ல அங்கிள். பூட்டியிருக்கு. நான் மட்டுந்தான் தெறக்க முடியும்."

"எங்கிட்டேருந்து பூட்டினியா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதப்போ ராத்திரி உங்க அக்காவுக்கு மெயில் அடிச்சது யாரு? ஒரு பைசா வாங்கினேனா?"

"வாங்கல அங்கிள்."

"அப்பறம்?"

நோராவுக்கு எதிர்த்துப் பேசும் பழக்கம் இல்லை. ஆனால் கேள்வி தானாக வாயில் வந்தது. "வெளிநாட்டுலேருந்து உங்க தம்பி எழுதற மெயில யாரு படிக்கறாங்க?"

"நான்தான்."

"இந்த ஸ்டூல்ல உக்காந்தா?"

டென்சில் கையில் இருந்த தாளை இரண்டாக, நான்காக மடித்தார். மழைக்கு முன்பான வெளிச்சம் தெருவில் மஞ்சளாகக் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லா வீடுகளும் சுவரே இல்லாமல் நிற்பதுபோலத் தோன்றியது. உள்ளே ஆட்கள் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் தலை வாருவதும் தெரிந்தது. முனையில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் சுவர் இருந்தது. அது இவருடையது.

"நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் கடைசியில், குரல் இறங்கி. "பூட்டினா, ஏதோ மறைக்கறான்னுதான் தெரு பேசும்."

"ஒரு வீட்டுல மட்டும் கதவு இருந்தா அந்த வீட்டத்தான் பாப்பாங்க அங்கிள். எல்லா வீட்டுலயும் இருந்தா யாரு பாக்கப்போறாங்க?"

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். மெயிலை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வியாழக்கிழமை வகுப்பில் அதைத் திறந்தாள். சாவியை இயக்கும் ரகசிய வாசகத்தை மூன்று முறை தப்பாக அடித்தாள். நான்காம் முறை அந்த எழுத்துக் குவியல் ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு தகரக் கூரைமேல் பெய்துகொண்டிருந்த மழை சட்டென்று பேசத் தொடங்கினால் எப்படியோ அப்படி, அக்கா பேசினாள்.

"நோரா, பூட்டு சரியா விழுந்துச்சான்னு தெரியல. விழுந்துச்சுன்னு நம்பி எழுதறேன். மொதல்ல ஒரு விஷயம், என் ரூம்காரி குறட்டை விடறது அப்படியே நம்ம பெரியப்பா. ராத்திரி நான் மட்டும் சிரிக்கிறேன், வாயைப் பொத்த ஆள் இல்ல. இப்போ விஷயத்துக்கு வரேன். எனக்கு இங்கயே குழந்தைங்க வார்டுக்குன்னு ரெண்டு வருஷப் படிப்பு கெடச்சிருக்கு. படிக்கணும்னு ஆசை. சாமுவேல் நல்லவருன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம். ரெண்டு தடவ பாத்தேன், ரெண்டு தடவையும் சுத்தி இருவது பேரு. அவருக்கு டீல சக்கர எவ்ளோன்னு எனக்குத் தெரியும். எதுக்குச் சிரிப்பாருன்னு தெரியாது. ரெண்டு வருஷம் காத்திருப்பீங்களான்னு நானே கேக்கணும். முடியாதுன்னா அவரே எங்கிட்ட சொல்லட்டும், வேற யார் வாயாலயும் வேணாம். ஈஸ்டருக்குள்ள இதுக்கு வழி இருக்கா? அம்மாகிட்ட இப்போ சொல்லாதே. நான் சொல்லிக்கிறேன்."

நோரா அதை நிறைய முறை படித்தாள். பன் வாசனை கண்ணில் புகுந்து எரிந்தது என்று சுனிதாவிடம் சொன்னாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னடி எழுதியிருக்கா உங்க அக்கா? ஆனேக்கல்லேருந்து ஆள்கிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க. வெள்ளைக்காரன் சம்பந்தி இருக்கறப்போ நாங்க எதுக்கு வரணும்னு சாமுவேலோட அம்மா கேக்கறாங்களாம். தலை குனிய வெச்சிட்டீங்களேடி ரெண்டு பேரும்."

"வெள்ளைக்காரனும் இல்ல ஒருத்தனும் இல்லம்மா. அக்கா நல்லா இருக்கா."

"அப்போ படிச்சுக் காட்டு."

"அது எனக்கு எழுதினது."

அம்மா அவளைப் புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. நோராவுக்கே அது யாரோ சொன்னதுபோல இருந்தது. அன்று அம்மா பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து இறங்கியபோது பேக்கரி வாசலில் சாமுவேல் நின்றிருந்தான். கையில் டீ. சட்டையில் லேத் எண்ணெய்க் கறை. அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நோராவுக்கு எப்போதும் குழப்பம். அண்ணா என்றால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். மாமா என்று கூப்பிடக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் எதிரில் போய் நின்றாள்.

"அம்மா சொல்றதெல்லாம் விடு" என்றான் அவன். "நான் நேரா கேக்கறேன். உங்க அக்காவுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. நான் சண்டைக்கு வரமாட்டேன்."

"எனக்குச் சொல்லத் தெரியாது. அது அக்காதான் சொல்லணும்."

"எப்படிச் சொல்லும்? எனக்கு ஒரே ஒரு தடவ மெயில் போட்டுச்சு. பட்டறைல எல்லாரும் இருக்கறப்போ எவனோ அச்செடுத்துக் கொண்டாந்து குடுத்தான். 'டியர் சாமுவேல், இங்கு மழை'ன்னு இருந்துச்சு. ஒரு மாசம் என்னைய மழைன்னுதான் கூப்டானுங்க." அவன் சிரிக்கவில்லை. டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "நானும் பதிலுக்கு என்ன எழுதறது? இங்க வெயில்னு எழுதினேன்."

நோராவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் அப்போது சிரித்தான், சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் குலுங்க. அவன் எதற்குச் சிரிப்பான் என்று தனக்குத் தெரிந்துவிட்டதே, இது அக்காவுக்கு அல்லவா தெரிய வேண்டும் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அக்கா உங்ககிட்ட பேசணும்னு சொல்லுது" என்றாள். "நீங்க ரெண்டு பேரு மட்டும். என்ன எழுதறீங்கன்னு எனக்கும் தெரியாது, டென்சில் அங்கிளுக்கும் தெரியாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க உங்களுக்குன்னு ஒரு பூட்டு செஞ்சுக்கணும். கஷ்டம் இல்ல."

"கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லயே நான்."

"எங்க சார்கிட்ட கேட்டு வைக்கறேன்."

சாமுவேல் சாலையைப் பார்த்தான். ஆனேக்கல் பஸ் ஒன்று வந்து, நின்று, அவனை விட்டுவிட்டுப் போனது. "வீட்ல சொல்லிடறேன்" என்றான். "நான் அதுகிட்ட பேசற வரைக்கும் தேதி கீதின்னு யாரும் கெளம்ப வேணாம்னு."

அன்றே நோரா திரும்ப மாடியேறி அக்காவுக்கு எழுதினாள். பூட்டி அனுப்பினாள். கூடவே, வழி இருக்கிறது என்பதற்குக் கீழே, அம்மா தட்டு வைக்கும் சத்தம், லட்சுமம்மாவின் கீரை, ஐரிஷ் பாஷை என்று ஒன்றுக்கும் உதவாதவற்றை எல்லாம் எழுதினாள். முக்கியமானதை மட்டும் பூட்டினால் பூட்டைப் பார்த்ததுமே முக்கியம் என்று தெரிந்துவிடும். குறட்டையையும் கீரையையும் பூட்ட வேண்டும். அப்போதுதான் அது கதவு. இல்லாவிட்டால் வெறும் இரும்புப் பெட்டி.

அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டிருக்க, திங்கட்கிழமை டென்சில் அவளை உள்ளே கூப்பிட்டார். ஸ்டூல் வாசலில் காலியாக இருந்தது.

"எனக்கும் ஒரு பீகா செஞ்சு குடு மேன்."

"எதுக்கு அங்கிள்? உங்க மெயில யாரும் படிக்கறதில்லயே."

"தம்பிக்கு பால் கறி, அதான் எங்க வீட்டு கறி உருண்டைக் கொழம்பு, அதோட ரெசிப்பி அனுப்பணும். அதப் பூட்டி அனுப்பறேன். தெருவுல கேட்டா சொல்றேன், இப்போ எல்லாரும் இப்படித்தான் அனுப்பறாங்கன்னு." கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். "லட்சுமம்மாவுக்கு வேணாம். அதுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிக்கணும்."

வெளியே காத்திருந்த லட்சுமம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "எனக்கும்தான் வேணும்" என்றாள் உள்ளே வந்து. "உமேஷு அவன் சம்சாரத்தோட சண்டன்னு எழுதறதெல்லாம் காய்க்காரிக்குத் தெரிய வேணாம். டென்சிலே படிக்கட்டும், ஆனா உள்ள உக்காந்து மெதுவாப் படிக்கட்டும். நீ வேணும்னாலும் படி. யாரு படிக்கணும்னு நான்தானே சொல்லணும்?"

நோரா தலையாட்டினாள். உமேஷுக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது, லட்சுமம்மாவின் சாவி இருக்கும் ஃப்ளாப்பியை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள். தெருவில் மழை இறங்கியது. டென்சிலின் கம்ப்யூட்டர் திரையில் பால் கறியின் செய்முறை, இஞ்சி பூண்டு எல்லாவற்றோடும், யாருக்கும் புரியாத எழுத்துகளாகக் கரைந்துகொண்டிருந்தது.

2001 ஏப்ரல் 3, செவ்வாய்.

இன்று தவறு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அதனால் சந்தேகமாக இருக்கிறது. அக்காவின் பதில் வந்தது. சாமுவேலின் பூட்டுக்காகக் காத்திருக்கிறாளாம். அவருக்கு என்ன எழுதப்போகிறாள் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா இன்று என்னிடம் உப்பு போதுமா என்று கேட்டாள்.

நாளை மாலை ஆறரைக்கு சாமுவேல் வகுப்புக்கு வருகிறார். சாரிடம் சொல்லியாகிவிட்டது. முதலில் மவுஸ் பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். பிறகு அவர் தன் சாவிக்கான வாசகத்தை அடிக்கும்போது நான் சன்னல் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்.